முடவனும் கொம்புத்தேனும்

‘முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா?’ என்பது தமிழ் வழக்கிலே நெடுங்காலமாக நிலவிவரும் பழமொழி. எட்டாததற்கு ஏங்குவாரை எள்ளி அடக்குதற்கு இதனைச் சொல்வர். பழமொழிகளுட் பெரும்பாலானவை அநுபவத்தின் பிழிவு. சில இரக்கமின்மையின் பிழிவுமாம். மரத்தின் கீழிருப்பவன் தேனை விரும்புதல் குற்றமன்று. அவனுக்கு ஏற இயலாமையும் குற்றமன்று. ‘ஆசைப்படலாமா?’ என்று கேட்கும் வாய் எப்பொழுதும் கால் உடையவனின் வாயே என்பதுதான் இங்குக் கவனிக்கத்தக்கது. ‘முடவன்’ என்னுஞ் சொல்லை இன்று ஒரு மனிதரைச் சுட்டி வழங்குதல் தகாது. பழமொழியை ஆராயும்பொருட்டே அதனை இங்கு எடுத்தாளுகின்றேன்.

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஒருவன் வைத்திய விஞ்ஞானத்திலே புகுவது ஏன் என்று வாசகர் வினவலாம். காரணம் உண்டு. முன்னாளில் என்னிடங் கற்ற மாணாக்கர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைக் காண வந்தார். அவருடைய தமையனார் பனையிலிருந்து விழுந்து, முள்ளந்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் இழந்து கிடக்கின்றார். மாணாக்கரின் ஒரு கையிலே பத்திரிகைத் துணுக்கு. மற்றைக் கையிலே வெளிநாட்டுச் சிகிச்சை நிலையம் ஒன்றின் விளம்பரத்தாள். “ஐயா, நடக்கேலாதவை நடக்கினம் எண்டு இதிலை எழுதியிருக்கு. காணியை ஈடு வைச்சு அண்ணையைக் கொண்டு போகட்டோ?” என்று கேட்டார். அவர் என்னிடம் வேண்டியது வைத்தியமன்று, வாசிப்பு. எழுதியிருப்பதற்குப் பொருள் யாது என்பதே வினா. சொல்லுக்குப் பொருள் காண்பது எம்போன்றோர் தொழிலாதலின், அவ்வினாவைத் தட்டிக் கழித்தல் இயலவில்லை. இத்துறை பற்றி வெளிவந்தவற்றைத் தேடிப் படித்து அறிந்தவற்றை இங்கே தொகுத்துரைக்கின்றேன்.

மூன்று தீர்ப்புகள்

எட்வின் சிமித் என்பவர் 1862ஆம் ஆண்டிலே எகிப்து நாட்டு லக்சர் நகரிற் பழைய வைத்தியச் சுவடியொன்றை விலைக்கு வாங்கினார். கி.மு. 1600 அளவிற் பெயர்த்தெழுதப்பட்ட அச்சுவடியிலே 48 நோயாளரின் நிலைகள் விரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு நோயையும் ஆராய்ந்தபின் வைத்தியன் கூறவேண்டிய தீர்ப்பு மூன்று வகைப்படும். இதனைத் தீர்க்கலாம் என்பது முதலாவது. இதனோடு போராடலாம் என்பது இரண்டாவது. இது மருத்துவத்திற்குரியதன்று என்பது மூன்றாவது. கழுத்தெலும்பு பெயர்ந்து, தன் கைகால்களைத் தான் உணராது கிடப்பவனுக்கு அச்சுவடி மூன்றாந் தீர்ப்பையே வழங்குகின்றது. நம் நாட்டு வைத்திய நூலாரும் நோய்களைச் சாத்தியம், அசாத்தியம் எனப் பகுத்தனர். இம்மூன்று தீர்ப்புகளையும் வாசகர் நினைவிற் கொள்வாராக. மூன்றாவது தீர்ப்பு எவ்வாறு இரண்டாவது தீர்ப்பாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முள்ளந்தண்டு என்பது எலும்புக் கோவை. அதன் உள்ளே ஓடும் நரம்பு வடமே முண்ணாண். வளர்ந்தவரிடத்து அதன் நீளம் ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர், பருமன் சிறுவிரலளவு. மூளையின் ஏவல் கீழிறங்குவதும் உடலின் செய்தி மேலேறுவதும் இவ்வழியே. கையிலோ காலிலோ வெட்டுண்ட நரம்பு மெல்ல வளர்ந்து கூடுதல் உண்டு. முண்ணாண் அறுந்தாலோ அவ்வாறு கூடுவதில்லை. 1906ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரான ஸ்பானிய அறிஞர் றமோன் இ கஹால் இதனை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தார். அறுந்த நரம்பிழைகள் சிறிது துளிர்க்கின்றன. பின்னர்த் தளர்ந்து நின்றுவிடுகின்றன. வளர்ந்தோரின் மைய நரம்புகளுக்கு மறுபிறப்பில்லை என்று அவர் முடிவு கட்டினார். ஆயினும், இக்கடுந்தீர்ப்பை மாற்றுதல் கூடுமாயின் அது வருங்கால விஞ்ஞானத்தின் கடன் என்றும் உடன் எழுதிவைத்தார். கதவை அடைத்தவரே திறவுகோலையும் வாயிலில் வைத்துச் சென்றார் எனலாம்.

முதலில் உயிர்

நடையைப் பற்றி எண்ணுமுன் உயிரைப் பற்றி எண்ணவேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முண்ணாண் சிதைந்தோரிற் பெரும்பாலோர் அக்காயத்தால் நேரே இறந்தாரல்லர். படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்வழி நஞ்சேறுதலாலும் இறந்தனர். 1917ஆம் ஆண்டிலே ஜெர்மனியில், வைத்தியசாலையொன்றில் ஊழியஞ் செய்த யூத இளைஞர் ஒருவர், முதுகு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரின் நோய்க்குறிப்பை எழுத முயன்றார். சில வாரத்தில் இறக்கப்போகின்றவருக்குக் குறிப்பு எதற்கு என்று அங்குள்ளோர் தடுத்தனர். சொன்னபடியே ஐந்து வாரத்தில் அத்தொழிலாளி இறந்தார். எகிப்தியச் சுவடியின் மூன்றாந் தீர்ப்பு மூவாயிரத்தைந்நூறு ஆண்டு கழிந்தும் அவ்வாறே இருந்தது.

அவ்விளைஞரே லுட்விக் குட்மன். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்தை அடைந்த அவர், 1944 பெப்ரவரியில் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையிலே முண்ணாண் காயமுற்றோர்க்கெனத் தனிப்பிரிவொன்றைத் தொடங்கினார். அவர் கையாண்ட முறை எளியது, ஆனால் ஓயாதது. இரண்டு மணிக்கொருமுறை, இரவும் பகலும், நோயாளரைப் புரட்டிப் படுக்கவைத்தல். சிறுநீரைத் துப்புரவாக அகற்றுதல். தொழிலும் விளையாட்டும் பயிற்றுதல். 1948 யூலை 29ஆந் திகதி, இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேரை அவர் வில்வித்தைப் போட்டியில் இறக்கினார். இன்று உலகம் போற்றும் பராலிம்பிக் விளையாட்டுகளின் வித்து அது.

நமக்கு அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வைத்தியராயிருந்த மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டிலே வாகன விபத்தொன்றில் முண்ணாண் சிதைந்து இரு கால்களின் செயலையும் இழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே, தொழுநோயால் மடங்கிய கைகளை நிமிர்த்தும் சத்திரசிகிச்சைகளைச் செய்தார். நியூயோர்க்கிலே புனர்வாழ்வு மருத்துவங் கற்றுத் திரும்பினார். 1966இல் வேலூரில் எழுந்த புனர்வாழ்வு நிலையம் அவர் முயற்சியின் பயன். அவர் கால்கள் மீண்டில; வாழ்வு மீண்டது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதைப் பின்னரும் காண்போம்.

அறுந்ததை வளர்த்தல்

உயிர் நிலைத்தபின் நடையைத் தேடும் ஆராய்ச்சி இரு நெறிகளிற் சென்றது. அறுந்ததை வளர்த்தல் ஒன்று. எஞ்சியதை எழுப்புதல் மற்றொன்று.

முதல் நெறியிலே திருப்பம் நேர்ந்தது 1981ஆம் ஆண்டில். கனடாவின் மொன்றியல் நகரிலே அல்பேட் அகுவாயோ, சாம் டேவிட் என்னும் இருவர், எலியின் காலிலிருந்து எடுத்த நரம்புத் துண்டொன்றை முண்ணாணுக்கும் மூளைத்தண்டுக்கும் இடையே பாலம்போற் பொருத்தினர். வளராது எனக் கருதப்பட்ட மைய நரம்பிழைகள் அப்பாலத்தின் வழியே நெடுந்தூரம் வளர்ந்தன. வித்திலே வளர்ச்சி ஒளிந்திருக்கின்றது. நிலமே அதனைத் தடுக்கின்றது என்பது புலனாயிற்று. நிலத்தின் குற்றம் யாது? சூரிச் நகரத்து மார்ற்றின் சுவாப் இதனை ஆராய்ந்து, மைய நரம்புகளைப் போர்த்திருக்கும் உறையிலே வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் உள என்று காட்டினார். அவற்றுள் ஒன்றுக்கு ‘நோகோ’ என்று பெயர். போகாதே என்னும் பொருள்பட இட்ட பெயர். அத்தடையை நீக்கும் பிறபொருளெதிரி விலங்குகளிற் பயன் தந்தது. மனிதரிடத்து நிகழ்ந்த சோதனையின் முடிவு 2024இல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றோர் அனைவரையும் ஒருங்கு நோக்கியபோது எதிர்பார்த்த பயன் காணப்படவில்லை. முண்ணாண் முற்றும் சிதையாதோரிடத்து மட்டும் ஓரளவு முன்னேற்றம் தென்பட்டது.

யப்பானிலே கெய்யோ பல்கலைக்கழகத்தார் வேறொரு வழியை மேற்கொண்டனர். எவ்வகைக் கலமாகவும் வளரத்தக்க குருத்துக்கலங்களிலிருந்து நரம்புக்கலங்களின் முன்னோடிகளை ஆக்கி, 2021 டிசம்பரில் முதன்முறையாக நோயாளர் ஒருவரின் முண்ணாணில் இட்டனர். 2025 மார்ச்சில் நால்வரின் நிலை அறிவிக்கப்பட்டது. ஒருவர் பிறர் துணையின்றி நிற்கலாயினார். இன்னொருவரிடத்தும் முன்னேற்றம் இருந்தது. ஏனை இருவரிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. நால்வரும் காயம்பட்ட சில வாரங்களுக்குள் சிகிச்சை பெற்றவர்கள் என்பதும், அக்காலத்தே இயல்பாகவே ஓரளவு தேறுவாரும் உளர் என்பதும் இவ்விடத்தில் மறக்கத்தக்கனவல்ல.

முண்ணாணின் கல்வி

இரண்டாம் நெறி ஆசிரியர்களாகிய நமக்கு மிக்க சுவையுடையது. திண்ணைப் பள்ளிக்கூடத்திலே சட்டாம்பிள்ளை என்றொருவன் இருப்பான். ஆசிரியர் கண்ணாற் குறிப்புக் காட்டினாற் போதும். பாடம் ஒப்புவிக்கும் முறையெல்லாம் அவன் நடத்திக்கொள்வான். நடத்தற்கண் மூளை அவ்வாசிரியர், முண்ணாண் அச்சட்டாம்பிள்ளை. எந்தத் தசை எப்பொழுது சுருங்க வேண்டும், எது தளர வேண்டும், வலக்கால் ஊன்றும்போது இடக்கால் என்ன செய்ய வேண்டும் என்னும் ஒழுங்கினை, இடுப்பளவிலுள்ள முண்ணாணின் பகுதி தானே அறிந்திருக்கின்றது. நாம் பேசிக்கொண்டே நடக்க வல்லேமாதல் அதனாலன்றோ!

இதனை 1911ஆம் ஆண்டிலே வெளிப்படுத்தியவர் கிரகாம் பிறவுண் என்னும் பிரித்தானியர். மூளையினின்றும் பிரிக்கப்பட்டு, கால்களிலிருந்து வருஞ் செய்திகளும் துண்டிக்கப்பட்ட பூனையின் முண்ணாண், மாறி மாறி அடியெடுத்து வைக்கும் தாளத்தைத் தானே பிறப்பித்ததை அவர் கண்டார். அக்காலத்தார் இதனைப் போதிய அளவு மதித்திலர். ஐம்பது ஆண்டுகளின் பின் சுவீடன் நாட்டாரே அவருடைய கருத்தை மீட்டெடுத்தனர். கிரகாம் பிறவுண் மலையேறுவோருள்ளும் பெயர் பெற்றவர். அல்ப்ஸ் மலையின் மொன்பிளாங் சிகரத்துக்குப் புதுவழி கண்டவருள் ஒருவர். நடையின் இரகசியத்தைக் கண்டவரும் நடையிலே வல்லவராயிருந்தார்.

1980களிலே கலிபோர்ணியாவில் றெஜி எட்ஜெற்றன் குழுவினரும், மொன்றியலில் றொசிஞோல் குழுவினரும், முண்ணாண் முற்றும் அறுக்கப்பட்ட பூனைகளை இயங்கும் பட்டியின்மேல் நிறுத்திப் பயிற்றினர். சில வாரப் பயிற்சியின் பின் அவற்றின் பின்னங்கால்கள் உடற்பாரத்தைத் தாங்கி அடியிட்டன. தொடர்ந்து செய்த சோதனைகளில் இன்னும் வியத்தகு செய்தி வெளியாயிற்று. நடக்கப் பயிற்றிய பூனை நடந்தது; நிற்க மட்டும் பயிற்றிய பூனை நன்றாக நின்றது, நடக்கத் தடுமாறியது. எதைப் பயிற்றினாரோ அதையே முண்ணாண் கற்றது. பயிற்சியை விட்டபோது மறந்தது. மூளையின் தொடர்பு சிறிதுமில்லாத ஒரு நரம்பு வடம் கற்கவும் மறக்கவும் வல்லதென்றால், அதனை இறந்ததென்று எவ்வாறு சொல்வது? வாயில்லாப் பிராணிகள் பட்ட துன்பத்தின் விலையிலே இவ்வறிவு கிடைத்ததென்பதையும் நாம் மறத்தலாகாது.

மனிதரை வாரினால் தூக்கிப் பிடித்து இயங்கும் பட்டியிலே நடக்கவைக்கும் பயிற்சியும் இவ்வழியிற் பரவியது. ஏவல் சிறிதேனும் இறங்கத்தக்க வழி எஞ்சியிருந்தோர்க்கு அது உதவியது. ஏவல் முற்றும் நின்றுபோனோர் அப்பயிற்சியால் மட்டும் நடந்தாரில்லை. சட்டாம்பிள்ளை உயிரோடிருக்கின்றான், ஆனால் ஆழ்ந்து உறங்குகின்றான். அவனை எழுப்புவது எங்ஙனம்?

மின்னும் பாலமும்

எழுப்புங் கருவி வேறொரு தேவைக்காக முன்னரே ஆக்கப்பட்டிருந்தது. 1967ஆம் ஆண்டில் நோர்மன் சீலி என்னும் அமெரிக்க வைத்தியர் தீராநோவைத் தணித்தற்பொருட்டு முண்ணாணின் அருகே மின்வாய்களைப் பொருத்தி மெல்லிய மின்னைப் பாய்ச்சினார். அக்கருவியையே பின்னாளில் நடையாராய்ச்சியாளர் எடுத்துக்கொண்டனர். அமெரிக்காவின் லூயிவில் நகரிலே சூசன் ஹார்க்கெமாவும் எட்ஜெற்றனும் சேர்ந்து செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. மார்புக்குக் கீழே இயக்கமிழந்த இளைஞர் ஒருவர், மின் பாயும்பொழுது தம் உடற்பாரத்தைத் தாமே தாங்கிச் சில நிமிடம் நின்றார். சில மாதத்தின் பின், விரும்பியபோது காலை அசைக்கவும் வல்லவரானார். மின் காலுக்குக் கட்டளையிடவில்லை. முண்ணாணை விழிப்பு நிலைக்குக் கொணர்ந்தது. முற்றும் அறுந்தது எனக் கருதப்பட்ட இடத்திலும் சில இழைகள் எஞ்சியிருந்தன போலும். அவற்றின் வழியே வந்த மூளையின் மெல்லிய குரலை, விழித்த முண்ணாண் கேட்டது.

2018ஆம் ஆண்டு இவ்வரலாற்றிற் பொன்னாண்டு. லூயிவில் குழுவினர் சிகிச்சையளித்த நால்வருள் இருவர் துணைக்கருவிகளோடு தரையில் நடந்தனர். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்திலே ஒருவர், தள்ளுசட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பயிற்றுநர் இடுப்பைத் தாங்க, ஒரே அமர்வில் 331 அடி வைத்து 102 மீற்றர் தூரம் கடந்தார். சுவிற்சர்லாந்தின் லொசான் நகரிலே கிரெகுவார் கூர்த்தீனும் சத்திரசிகிச்சை நிபுணர் ஜொசலின் புளொக்கும் மின்னை இடையறாது பாய்ச்சாமல், எந்த அடிக்கு எந்தத் தசை வேண்டுமோ அந்தத் தசைக்குரிய இடத்தில், அந்தக் கணத்திற் பாய்ச்சினர். இடையறாத மின், காலிலிருந்து மேலேறும் செய்திகளைக் குழப்புகின்றது என்று அவர்கள் கண்டிருந்தனர். ஆசிரியர் ஓயாது பேசினால் மாணாக்கர் குரல் கேளாதன்றோ!

2022இல் அக்குழுவினர் இன்னொன்றைக் கண்டனர். பயிற்சி முதிர முதிர முண்ணாணிலே தொழிற்படும் பகுதி விரியவில்லை, சுருங்கியது. நடைக்கு இன்றியமையாத ஒருவகைக் கலங்களே பொறுப்பேற்க, ஏனையவை அடங்கின. எழுதப் பழகும் குழந்தை உடம்பு முழுவதையும் நெளித்து எழுதும். பழகியபின் விரல் மட்டும் அசையும். 2023 மே மாதத்தில் அவர்கள் வெளியிட்ட செய்தியே உலகப் பத்திரிகைகளின் முதற்பக்கங்களை நிரப்பியது. 2011இல் சைக்கிள் விபத்திற் காயமுற்ற நெதர்லாந்து நாட்டவர் ஒருவரின் மூளையிலிருந்து நடக்கும் எண்ணத்தை மின்வாய்கள் பெற்றன; கணினி அதனை மொழிபெயர்த்தது; காயத்தின் கீழேயுள்ள முண்ணாணுக்கு அது கம்பியின்றிச் சென்றது. அவர் தம் எண்ணத்தினாலேயே நின்றார், நடந்தார், படியேறினார். பயிற்சியின் பின், கருவியை நிறுத்தியபோதும் ஊன்றுகோலுடன் சில அடி நடந்தார்.

செய்தியை வாசிக்கும் முறை

இவை யாவும் மெய். ஆயினும் ‘நடந்தார்’ என்னும் ஒரு சொல்லினுள்ளே எவ்வளவு அடங்கியிருக்கின்றது என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். லூயிவிலில் நடந்த இருவருள் ஒருவர் 85 வாரத்தில் 278 அமர்வுகள் பயின்றபின்னரே நடந்தார். மேயோவில் நடந்தவர்க்கு 43 வாரம் சென்றது. நடந்தோரும் சக்கர நாற்காலியைத் துறந்தாரில்லை. இவ்வாராய்ச்சிகளிற் பங்குபற்றியோர் ஒருவர், மூவர், நால்வர், ஒன்பதின்மர் என விரலால் எண்ணத்தக்கோர். முண்ணாண் காயத்தோடு வாழ்வோரோ, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர். ஆதலின் ‘நடந்தார்’ என்பது இறந்தகால வினைமுற்று. ‘நடப்பர்’ என்னும் எதிர்கால வினைமுற்றாக அதனை வாசித்தல் இலக்கணப் பிழை மட்டுமன்று, ஒரு குடும்பத்தின் காணியையும் விழுங்கத்தக்க பிழை.

மற்றொன்றும் உண்டு. தாமும் முண்ணாண் காயமுற்றவரான கிம் அண்டர்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், அத்தகையோர் 681 பேரிடம், எந்த ஆற்றல் மீண்டால் உங்கள் வாழ்வு மிகச் சிறக்கும் என்று கேட்டு 2004இல் விடைகளை வெளியிட்டார். கைகால் நான்கும் செயலிழந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் கைகளின் ஆற்றலையே முதலில் வேண்டினர். கால் மட்டும் இழந்தோரும் நடையை முதலில் வைத்திலர். இல்லற உறவையே முன்வைத்தனர். சிறுநீர், மலம் ஆகியவற்றை அடக்கும் ஆற்றலையும் பலர் விரும்பினர். கால் உடையோர் காணும் துயர் நடையின்மை. அத்துயரில் இருப்போர் காணுவது பிறிது. பழமொழி சொன்னவனைப்போல, இரக்கங் காட்டுவோனும் சில வேளை கேளாமலே பேசிவிடுகின்றான்.

நம் கடன்

பனையும் தென்னையும் ஏறுவோர் தவறி விழுதலும், வீதி விபத்தும், 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரிலே பாய்ந்த குண்டும் செல் துண்டும் நம்மவர் பலரை இந்நிலைக்கு உள்ளாக்கியுள்ளன. அவர்களுடைய வீட்டார் நம்மிடம் வந்து வினவும்போது நாம் சொல்லத்தக்கது யாது? விஞ்ஞானம் முன்னேறிவிட்டது என்று கையசைத்து அனுப்புதல் பொய். விதி என்று பெருமூச்சு விடுதலும் பொய்.

குருத்துக்கலம் ஏற்றி நடக்கவைப்போம் என்று பணம் பெற்றுக்கொண்டு வாக்களிக்கும் நிலையங்கள் பல நாடுகளில் உள. ஆராய்ச்சியிற் பங்குபற்றுவோரிடம் அச்சிகிச்சைக்கென விலை கேட்பது மெய்யான ஆராய்ச்சியாளர் வழக்கமன்று. முடிவை முன்கூட்டியே சொல்வதும் அவர் வழக்கமன்று. இவ்விரண்டையும் அறிந்தாலே பல காணிகள் தப்பும். அப்பொருளை வேறு வகையிற் செலவிடலாம். புண் வராமற் காக்கும் மெத்தை, அளவான சக்கர நாற்காலி, அது நுழையத்தக்க வாயில், இயன்மருத்துவர் கற்பித்தபடி நாள்தோறும் மூட்டுகளுக்கு அளிக்கும் அசைவு ஆகியவை இன்றே பயன் தருவன. நாளை புதிய சிகிச்சை வருமாயின், அதனை ஏற்கத்தக்க உடலை இன்று காத்தவர்க்கே அது உதவும். மூட்டு இறுகி, எலும்பு நொய்ந்து, புண் புரையோடிய உடலுக்கு எந்தப் பாலமும் பயன்படாது. நமது பாடசாலைகளிலே படியின் அருகே ஒரு சாய்தளம் அமைப்பதும் இவ்வைத்தியத்தின் ஒரு கூறே.

எகிப்தியச் சுவடியின் மூன்றாந் தீர்ப்பு இன்று இரண்டாந் தீர்ப்பாகியுள்ளது, முதலாந் தீர்ப்பாகவில்லை. போராடலாம் என்பதே இன்று நாம் வாய்மையோடு சொல்லத்தக்க சொல். அது சிறு சொல்லன்று. கஹாலின் திறவுகோலை ஒரு தலைமுறை எடுத்து அடுத்த தலைமுறையிடம் கொடுக்க, நூறாண்டு உழைத்துப் பெற்ற சொல் அது. தேன் இன்னும் கொம்பிலேதான் இருக்கின்றது. ஆயினும் ஆசைப்படலாமா என்னும் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. ஆசைப்படலாம், அவ்வாசையை விலைபேசி விற்போரிடமிருந்து அவர்களைக் காத்தல் நம் கடன்.